ஹெல்சிங்கியில் உனக்கு ரசிகர்கள் இல்லை, தம்பி

ராத்திரி பதினொன்றரைக்கு போன். “அண்ணே, பாட்டைக் காணோம்ணே.”

ஸ்பாட்டிஃபையில் இருந்த பாட்டு, நான் மிக்ஸ் செய்து கொடுத்தது. தேனிப் பக்கத்துப் பையன். செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எட்டு மாதம் காசு சேர்த்தவன். நாயனக்காரர் ஒருவரைச் சென்னைக்குக் கூட்டிவந்து, என் சாலிகிராமம் அறையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். வெளியாகிப் பத்து நாளில் எண்பதாயிரம் ஸ்ட்ரீம் என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தான். அன்றைக்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது. “எந்தெந்த ஊர்ல கேக்குறாங்கன்னு காட்டும்ல, அதை அனுப்பு” என்றேன். அனுப்பினான். முதல் இடத்தில் பின்லாந்தின் ஹெல்சிங்கி. மதுரையைக் கடைசி வரை தேடினேன், இல்லை.

“யாருக்குடா காசு குடுத்தே?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “பன்னெண்டாயிரம்ணே. இன்ஸ்டாவுல அவங்களே மெசேஜ் பண்ணாங்க. ப்ரொமோஷன்னு சொன்னாங்க.”

இந்த வருஷம் எனக்கு வந்த ஐந்தாவது போன் இது. அதனால்தான் எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் சூடாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேரும் சொன்னது ஒரே வசனம்: “ஆரம்பத்துல லேசா தள்ளிவிட்டா அல்காரிதம் பிடிச்சுக்கும்ணே.” பிடித்துக்கொள்ளாது. ஏன் என்று ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிடுங்கள். இனி இதை போனில் விளக்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் பாட்டை அடுத்து யாருக்குக் காட்டலாம் என்று அந்தச் செயலி முடிவு செய்வது, இதுவரை அதைக் கேட்டவர்கள் வேறு என்னென்ன கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான். காசு வாங்கிக்கொண்டு ஓடவிடும் போலிக் கணக்கு என்ன கேட்கும்? காசு கொடுத்த எல்லோருடைய பாட்டையும் கேட்கும். யாரோ ஒருவரின் டெக்னோ, தூங்குவதற்கான மழைச் சத்தம், அதற்கடுத்து நம் தேனி நாயனம். ஒவ்வொன்றிலும் முப்பது நொடி தாண்டியதும் அடுத்ததற்குத் தாவும், ஏனென்றால் முப்பது நொடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. இதையெல்லாம் பார்த்துவிட்டு அந்த இயந்திரம் என்ன புரிந்துகொள்ளும்? இந்த நாயனப் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் மழைச் சத்தம் கேட்டுத் தூங்குகிறவர்கள் என்று. அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும். அவர்கள் ஐந்தாவது நொடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். பாட்டு யாருக்கும் பிடிக்கவில்லை என்று அது முடிவு கட்டிவிடும். ஒன்றுமே செய்யாமல் சும்மா விட்டிருந்தால்கூடப் பாட்டுக்கு இந்தக் கெட்ட பேர் வந்திருக்காது. பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கியது அதைத்தான்.

“போலிக் கணக்கெல்லாம் இல்லைண்ணே, நிஜப் பிளேலிஸ்ட்” என்று ஒருவர் வாதாடினார். பிளேலிஸ்ட் நிஜம்தான், கேட்பது யார்? காசு கொடுத்து பிளேலிஸ்ட்டில் இடம் பிடிப்பதையே ஸ்பாட்டிஃபை விதிகள் அனுமதிப்பதில்லை. விளம்பரம் வேறு, இன்ஸ்டாவில் ஐந்நூறு ரூபாய்க்கு முறையாக விளம்பரம் போட்டு மதுரை, திண்டுக்கல் ஆட்களுக்குக் காட்டுங்கள், அதில் தப்பே இல்லை. யார் கேட்பார்கள், கேட்க மாட்டார்கள் என்று அங்கே எவரும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. “இவ்வளவு ஸ்ட்ரீம் உத்தரவாதம்” என்று ஒருவன் சொன்னால் அந்த உத்தரவாதமே போதும், அவனை பிளாக் செய்ய.

2024 தொடக்கத்திலிருந்து நிலைமை இன்னும் இறுகிவிட்டது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி கிடையாது. “அந்த ஆயிரத்தை மட்டும் வாங்கிக்கலாமே” என்ற யோசனை உடனே உங்களுக்கு வரும், தெரியும். அதே காலத்தில்தான் இன்னொன்றும் வந்தது: ஒரு பாட்டின் ஸ்ட்ரீம்களில் பெரும்பகுதி போலி என்று தெரிந்தால், பாட்டுக்கு இவ்வளவு என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம், அதாவது நம் பாட்டைச் செயலிகளில் ஏற்றித் தரும் நிறுவனத்திடம், அபராதம் வசூலிக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அதைத் தன் கைக்காசிலிருந்தா கட்டுவார்? உங்கள் கணக்கில் கழிப்பார், பாட்டைத் தூக்குவார், மறுபடி நடந்தால் கணக்கையே மூடுவார். தேனித் தம்பிக்கு வந்த மின்னஞ்சல் நாலே வரி. எட்டு மாதச் சேமிப்புக்கு நாலு வரி.

இன்னொரு விஷயம். ப்ரொமோஷன் செய்கிறேன் என்று வருகிறவனிடம் உங்கள் ஆர்ட்டிஸ்ட் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். எல்லா நாளும் நடக்கிற கூத்து இது.

சரி, என்னதான் செய்வது என்கிறீர்களா? சிவகங்கைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி என்னிடம்தான் மிக்ஸ் செய்கிறாள். தானே எழுதி, தானே பாடுகிறாள். அவள் பாட்டில் ‘கம்மாய்’ என்று ஒரு சொல் வரும். பாட்டு வருவதற்கு மூன்று வாரம் முன்னால், திண்ணையில் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மட்டும் பாடி ரீல் போட்டாள். லைட் கிடையாது, மைக் கிடையாது. பாடி முடித்துவிட்டு, “எங்க ஊர்ல இது கம்மாய். உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?” என்று கேட்டாள், அவ்வளவுதான். கண்மாய், ஏரி, ஏந்தல், தாங்கல் என்று வரிசையாக வந்து விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் “எங்களுக்கு இது குளம்” என்று எழுதி, தன் ஊர்க் குளத்தின் படத்தையும் ஸ்டோரியில் போட்டு இவளை டேக் செய்தார். ஒவ்வொரு கமென்ட்டுக்கும் பதில் போட்டாள். ஹார்ட் மட்டும் தட்டிவிட்டுப் போகவில்லை. பாட்டு வெளியான அன்று இவர்கள்தான் முதலில் கேட்டார்கள். கடைசி வரை கேட்டார்கள். அல்காரிதம் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டும் உண்டு. கோயில் கொடை, கல்லூரி விழா, எங்கே பாடினாலும் மேடைக்குக் கீழே அதைச் சுற்றுக்கு விடுவாள். பிடித்திருந்தால் பேரும் வாட்ஸ்அப் எண்ணும் எழுதலாம். முந்நூறு சொச்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். மாதம் ஒரே ஒரு செய்தி அனுப்புவாள், குட்மார்னிங் படமெல்லாம் கிடையாது. மதுரையில் சின்ன அரங்கு எடுத்து டிக்கெட் வைத்தபோது எண்பது பேர் காசு கொடுத்து வந்தார்கள். ஹெல்சிங்கியிலிருந்து எண்பது பேர் வருவார்களா? டிக்டாக்கில் லட்சம் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் 2020 ஜூனில் இங்கே அதைத் தடை செய்தபோது ஒரே ராத்திரியில் என்ன ஆனார்கள் என்று பார்த்தோமே. நோட்டு அப்படிப் போகாது.

கவர் பாடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாடுங்கள். ஆனால் ராஜா சார் பாட்டைப் பாடினால் வருகிற கூட்டம் ராஜா சாருடைய கூட்டம். நாலு கவருக்கு ஒரு சொந்தப் பாட்டு என்றாவது வைத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் பாட்டை எடுத்துவிட்ட அன்று “ப்ரோ, அந்தப் பழைய பாட்டு பாடுங்க” என்றுதான் கமென்ட் வரும்.

மாஸ்டரை, அதாவது பாட்டின் இறுதி ஒலிப்பதிவை, இன்னும் சத்தமாக வை என்று என்னிடம் சண்டை போடாதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்கு (மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்பார்கள்) கொண்டுவந்துவிடும். நீங்கள் நசுக்கியது நசுங்கினதுதான் மிச்சம். அதைவிட, ரீலுக்கு வெட்டிய துண்டை ஒருமுறை சாதா போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். உங்கள் உயிரான பேஸ் லைன் அதில் இருக்காது. பல்லவி இருக்கிறதா? இருந்தால் போதும்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் ராத்திரி அப்லோட் செய்துவிட்டு எடிட்டோரியல் பிளேலிஸ்ட்டில் (ஸ்பாட்டிஃபை ஆட்களே தொகுப்பது) இடம் கிடைக்கவில்லை என்று புலம்புவதையும் விடுங்கள். மூன்று நாலு வாரம் முன்னாலேயே டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுங்கள். வெளிவராத பாட்டை மட்டும்தான் ஸ்பாட்டிஃபைக்கு பிட்ச் செய்ய, அதாவது இதைச் சேருங்கள் என்று கேட்க, முடியும். குறைந்தது ஏழு நாள் முன்னால் செய்தால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலாவது பாட்டு போய்ச் சேரும். காசு கிடையாது, இலவசம். இலவசம் என்பதாலோ என்னவோ யாரும் செய்வதில்லை.

தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே மாதிரி எழுதுங்கள். ழகரத்துக்கு ஒரு இடத்தில் இசட்-எச், இன்னொரு இடத்தில் எல் என்று போட்டால் தேடுகிறவன் எங்கே போவான்? யூட்யூபில் தமிழ் எழுத்திலும் தலைப்பு இருக்கட்டும்.

இணையத்தில் சும்மா கிடைத்த பீட் (பின்னணி இசை) மேல் பாடியிருந்தால் அதன் லைசென்ஸை முழுசாகப் படியுங்கள். அதே பீட்டில் இன்னும் நூறு பேர் பாடியிருப்பார்கள். அதில் ஒருவன், யார் ஒலி யாருக்குச் சொந்தம் என்று பார்க்கும் யூட்யூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால் உங்கள் வீடியோவின் காசு அவனுக்குப் போகும். எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும், உங்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்கள். 1969-லிருந்து இருக்கிற அமைப்பு அது. டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான காசு மட்டும். பாட்டு வரிகளுக்கும் மெட்டுக்குமான ராயல்டி வேறு வழியில் வரும், கேட்காதவர்களுக்கு வராது.

தேனித் தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு உண்மையை எழுதி, மன்னிப்பும் கேட்டு, திரும்ப ஏற்ற அனுமதி வாங்கியிருக்கிறான். புதிதாக விவரமெல்லாம் நிரப்பலாம் என்று பழைய படிவத்தைத் திறந்தேன். பாடியவர், எழுதியவர், இசை, மிக்ஸ் எல்லாம் இருந்தது. நாயனத்துக்கு எதிரே காலி.

“டேய், முகூர்த்த மாசத்துல அந்த மனுஷன் எத்தனை கல்யாணம் வாசிக்கிறாரு? அவர் போன்ல எத்தனை குரூப் இருக்கும்? பாட்டு வந்ததாவது அவருக்குத் தெரியுமா?”

“சொல்லலைண்ணே.”

“பேர் என்ன, முழுப் பேரு?”

“எல்லாரும் மாமான்னுதான் கூப்பிடுவோம். கேட்டுட்டு காலையில சொல்றேண்ணே.”