டிரங்க் கால்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது

டிரங்க் கால்னா இப்போ இருக்குற பசங்களுக்குச் சுத்தமா தெரியாது, தெரிஞ்சவங்களுக்கோ அது வெறும் போன் கால் இல்ல, பாதி நாள் வேலை. ஊர் போன் லைனெல்லாம் வந்து சேர்ற எக்ஸ்சேஞ்சுல இருக்குற ஆபரேட்டர்கிட்ட நம்பரைச் சொல்லி புக் பண்ணிட்டு, அவங்க லைன் போட்டுக் குடுத்ததும் வெளியூர்ல இருக்குறவங்களோட பேசுறது, அவ்ளோதான் பொருள்.

சொல் வந்த வழியப் பாத்தா, லத்தீன்ல ட்ரங்குஸ்னா கிளையெல்லாம் கழிச்ச அடிமரம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போய் ட்ரங்க் ஆச்சு. மரத்தக் குடைஞ்சு செஞ்ச பெட்டிக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு, நம்ம வீட்டுப் பரண்ல கிடக்குற டிரங்குப் பெட்டி அந்த வகையறாதான். அப்புறம் கிளைப் பாதைங்கள விட்டுட்டு நடுவுல நேரா ஓடுற பெரிய பாதை எதுவா இருந்தாலும், ரோடோ ரயிலோ, ட்ரங்க்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. கிராண்ட் ட்ரங்க் ரோடு தெரியும்ல, சென்னைலருந்து டெல்லி போற ஜிடி எக்ஸ்பிரஸ்ல வர்ற டி-யும் அதேதான். (யானையோட தும்பிக்கையையும் இங்கிலீஷ்ல ட்ரங்க்னு சொல்றாங்களே, போன் வயர் அப்படி நீளமா இருக்கிறதால வந்த பேரான்னு கேட்டா, இல்ல.) போன் வந்தப்போ ஒரு ஊர் எக்ஸ்சேஞ்சையும் இன்னொரு ஊர் எக்ஸ்சேஞ்சையும் இணைக்குற லைனுக்கு ட்ரங்க் லைன்னு பேர் வச்சாங்க. பிரிட்டன்ல 1896ல இந்த ஊருக்கு ஊர் லைன்களைத் தபால் துறை தன்கிட்ட எடுத்துக்கிச்சு, ஊருக்குள்ள போன் ஓட்டுறது கம்பெனிங்ககிட்ட இருந்துச்சு, ஆக லோக்கல் வேற ட்ரங்க் வேறங்குற பிரிவு அங்கேயே கெட்டியாயிடுச்சு. வெள்ளக்காரன் நடத்துன தபால் தந்தித் துறையோட சேந்து சொல்லும் இங்க வந்துச்சு.

இங்க வந்தப்புறம் அந்தச் சொல்லுக்குள்ள ஒரு பழக்கமே குடியேறிடுச்சு. புக் பண்றப்பவே ஆர்டினரியா அர்ஜென்டா லைட்னிங்கான்னு கேப்பாங்க, அர்ஜென்ட்னா டபுள் சார்ஜ், லைட்னிங்னா அதையும் தாண்டி எங்கயோ போகும், அதனால சாவு, ஆஸ்பத்திரின்னாதான் அந்தப் பக்கம் யோசிப்பாங்க, மத்தவங்கல்லாம் ஆர்டினரி போட்டுட்டு போன் பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு உக்காந்துக்க வேண்டியதுதான், குளிக்கப் போனா கூட ஒரு ஆளைக் காவலுக்கு வச்சிட்டுத்தான் போகணும். லைன் கிடைச்சாலும் கணக்கு 3 நிமிஷம் 3 நிமிஷமா ஓடும், நடுவுல ஆபரேட்டர் குரல் வரும், அதுக்குள்ள நல்லாருக்கியா நல்லாருக்கேன்லயே முக்கால்வாசி போயிருக்கும். அதுவும் கத்தணும். தெருவுக்கே தெரியும் நம்ம வீட்டு விஷயம். இன்னிக்கும் சில பெருசுங்க செல்லுல பேசும்போது அடிவயித்துலருந்து கத்துறாங்கன்னா அது காது கோளாறு மட்டும் இல்லைங்க, டிரங்க் கால் பழக்கம்.

பி.பி.ய சொல்லாம விட்டா இந்த விளக்கம் முழுசாகாது. பர்ட்டிகுலர் பர்சன் கால், அதாவது இந்த நம்பர்ல இந்த ஆளைக் கூப்பிடுன்னு ஆள் பேர் சொல்லிப் போடுறது. அந்த ரெண்டு எழுத்தையும் நம்மாளுங்க எப்படி மாத்திக்கிட்டாங்கன்னா, பக்கத்து வீட்டு போன் நம்பரையோ எதிர்த்த மளிகைக் கடை நம்பரையோ தன் விசிட்டிங் கார்டுல போட்டு ஓரத்துல பி.பி.ன்னு அச்சடிச்சிக்கிட்டாங்க. கல்யாணப் பத்திரிகைல கூட இருக்கும். போன் வச்சிருந்த வீட்டுக்காரங்க பாவம், சாப்பிட்டுட்டு இருக்கும்போது எழுந்து போய் நாலு வீடு தள்ளிக் கூப்பிட்டுட்டு வரணும்.

ஆபரேட்டர் இல்லாம நாமளே டயல் பண்றது பிரிட்டன்ல 1958ல பிரிஸ்டல்ல ஆரம்பிச்சது, ராணி எலிசபெத் எடின்பரோவுக்குப் பேசித் தொடங்கி வச்சாங்க. இந்தியாவுல 1960ல கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவுல வந்துச்சு. பேரு சப்ஸ்கிரைபர் ட்ரங்க் டயலிங், எஸ்டிடி. மஞ்ச போர்டு பூத்ல வரிசைல நின்ன அத்தனை பேருக்கும் நடு எழுத்து என்னன்னு தெரிஞ்சிருக்குமாங்கறது சந்தேகம்தான், எல்லாரும் கண்ணாடிக் கூண்டுக்குள்ள பில் ஓடுற சிவப்பு நம்பரத்தானே பாத்துட்டு இருந்தோம். தூரம் கூடக் கூட ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கிற செகண்டு குறையும், ராத்திரி ஆக ஆக ரேட் பாதியாகி கால்வாசியாகும், அந்தக் கால்வாசி ரேட்டுக்காக ஊரே சாப்பிட்டு முடிச்சிட்டு பூத் வாசல்ல நிக்கும்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? தொலைவழைப்புன்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அது ஒத்துக்கல, தொலைபேசின்னாலே தொலைவுதான், உள்ளூர் காலும் அதுல அடங்கிடும். நெடுந்தொலைவு அழைப்பு அர்த்தம் சரி, ஆனா வாயில நுழையுறதுக்குள்ள 3 நிமிஷம் முடிஞ்சிடும். வேர்ப்பொருள்படி போனா நம்மகிட்ட அழகான சொல் ஒண்ணு இருக்கு, பெருவழி. கோயம்புத்தூர் பக்கத்துல சோழர் கால பாறைக் கல்வெட்டுல இராசகேசரிப் பெருவழின்னு ஒரு பாதையோட பேர் இருக்கு. ட்ரங்க் ரோடுக்கு அதவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காது, அந்தக் கணக்குல பெருவழி அழைப்புன்னு சொல்லலாம்தான், யாரும் சொல்லப்போறதில்ல. என் ஓட்டு வெளியூர் அழைப்புக்கு. வயரு எப்படிப் போச்சுங்கறத விட ஜனங்க எதுக்குப் போட்டாங்கங்கறத அது சொல்லுது. டிரங்க் லைனுக்கு ஊரிணைப்புத் தடம்னு வச்சுக்கலாம்.

ஆனா 2006 மார்ச்ல பிஎஸ்என்எல் இந்தியா முழுக்க நிமிஷத்துக்கு 1 ரூபான்னு கொண்டு வந்தப்பவே உள்ளூர் வெளியூர் வித்தியாசம் ஆட்டம் கண்டுடுச்சு, இப்போ வெளியூர் அழைப்புன்னா எதுன்னே கேப்பாங்க. சொல்லோட மிச்சம் ஒரே ஒரு இடத்துல இருக்கு. 044, 011ன்னு கோடுக்கு முன்னாடி போடுற சைபர், அதுக்குத் தொழில்நுட்பப் பேர் ட்ரங்க் ப்ரிஃபிக்ஸ். அதக்கூட எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சப்போ 2021 ஜனவரி 15லருந்து லேண்ட்லைன்ல இருந்து எந்த செல்லுக்குக் கூப்பிட்டாலும் முன்னாடி சைபர் போடணும்னு சொல்லிட்டாங்க, பக்கத்துத் தெரு செல்லா இருந்தாலும்.