முகாமில் 'சிக்கிள் செல் பாசிட்டிவ்' என்றார்களா? முதலில் இதைப் படியுங்கள்

சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் முகாமில் அதற்கான சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, "பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க, இனி அவ்வளவுதானா?" என்று முகம் வாடி வருபவர்களிடம்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர்களுக்கு நோயே இருக்காது.

முகாமில் செய்வது கரைதிறன் சோதனை. ஒரு துளி ரத்தத்தைக் கரைசலில் விட்டு, சில நிமிடங்களில் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கினால் ரத்தத்தில் 'எஸ்' வகை ஹீமோகுளோபின் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால் நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அவர் வெறும் கடத்தி, அதாவது மரபணுவைச் சுமப்பவர், நோயாளி அல்ல. இதைப் பிரித்துச் சொல்ல ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. போன்ற அடுத்தகட்டச் சோதனை வேண்டும். அந்த முடிவு வருமுன் ஒருவரை நோயாளி என்று எழுதிவைப்பது எனக்கு உடன்பாடில்லை. கைக்குழந்தை என்றால் சிக்கல் தலைகீழ். ஆறு மாதம் வரை, கருவில் இருந்தபோது உருவான 'எஃப்' வகை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால், நோய் இருந்தும் கரைசல் கலங்காமல் போகலாம்.

கடத்திக்கு மாத்திரை தேவையில்லை. தோட்ட வேலைக்குப் போகலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம். துணையாக வருபவரும் கடத்தியா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவருமே கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு. "மூத்ததுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்கிற கணக்கு செல்லாது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். 'ஆதிவாசி நோய்' என்ற பேச்சு இன்னும் போகவில்லை. ஆனால் மலேரியாக் காட்டில் கடத்திகளின் உயிர் காத்த மரபணு இது. பணியர், இருளர், குறும்பரோடு வயநாடன் செட்டிமாரிடமும் உண்டு. 2023இல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 40 வயது வரை சோதிக்கிறார்கள். கூச்சப்படாமல் போங்கள்.

சரி, நோய் உறுதியானவர்களுக்கு? மழையில் நனைந்து இலை பறித்த அன்று இரவு கை, கால், இடுப்பு எலும்பெல்லாம் வலித்தால் வாதம் என்று எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். குளிரும் நீர் குறைவதும் வலியைக் கிளப்பும். வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை எழுதித் தந்திருந்தால் வலி இல்லாத நாளிலும் விழுங்க வேண்டும். இதைச் சாப்பிடுபவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடுமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வெளுத்திருக்கிறதே என்று நீங்களாக இரும்புச்சத்து மாத்திரை போடாதீர்கள். நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. மண்ணீரல் கெட்டிருப்பதால் கிருமி ரத்தத்தில் மளமளவென்று பரவும். ஜீப் பிடித்தாவது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், சோதனை அட்டையையும் சேர்த்து.