பயனியர்னா முன்னோடி இல்லீங்க

"மோர்மன் முன்னோடி ஜான் டி. லீ"னு மறுபடியும் படிச்சுட்டேன், இனி எழுதாம இருக்க முடியல. மோர்மன்ங்கறது அமெரிக்காவுல தோன்றின ஒரு கிறிஸ்தவ மதப்பிரிவு, ஆங்கிலத்துல அவங்கள "பயனியர்"னு (pioneer) சொல்றத முன்னோடினு மொழிபெயர்த்துடறாங்க. பயனியர் பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்த சொல்லு, கால்ங்கற லத்தீன் சொல்தான் வேர், படைக்கு முன்னாடி போய் பாதை வெட்டி பள்ளம் தோண்டுற காலாளுக்குத்தான் முதல்ல அந்தப் பேரு.

தமிழ்ல முன்னோடி அப்படியா? முன்னால ஓடுறவர்ங்கற நேர்ப்பொருள் எப்பவோ தேஞ்சு போச்சு, புதுக்கவிதை முன்னோடி, பெண்கல்வி முன்னோடினு சொல்லிச் சொல்லி அது பாராட்டாவே ஆயிடுச்சு. லீ யாரு? 1857 செப்டம்பர் 11, யூட்டாவுல மவுண்டன் மெடோஸ். ஆர்கன்சாவுலேர்ந்து கலிஃபோர்னியா போய்ட்டிருந்த வண்டிக் கூட்டத்த மோர்மன் ஆளுங்க நாள்கணக்கா முற்றுகை போட்டு வச்சிருந்தாங்க, அங்க வெள்ளைக்கொடியோட போய் ஆயுதத்தக் குடுங்க, பத்திரமா கூட்டிட்டுப் போறோம்னு பேசினவர் இவர்தான். காயம்பட்டவங்களும் சின்னக் குழந்தைங்களும் வண்டியில, பின்னாடி பெண்கள், கடைசியா ஆண்கள், அந்த ஆண்கள் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் துப்பாக்கியோட ஒரு மோர்மன் மிலிஷியாக்காரன், அதாவது உள்ளூர்ப் படைக்காரன். கொஞ்ச தூரம் நடக்கவிட்டு சுட்டாங்க. சுமார் 120 பேர் செத்தாங்க, 17 சின்னக் குழந்தைங்கள மட்டும் விட்டுவச்சாங்க. பங்கு இருந்தவங்க பல பேர், தண்டனை லீ ஒருத்தருக்குத்தான், 1877 மார்ச் 23 அதே இடத்துல சவப்பெட்டி மேல உட்கார வச்சு சுட்டாங்க. மோர்மன்களோட தலைவர் பிரிகாம் யங் தன்னை பலி குடுத்துட்டார்னு லீ புலம்பினார், அதுல நியாயம் இருக்குனுதான் நானும் நினைக்கிறேன், அதுக்காக முன்னோடி ஆயிடுவாரா?

மோர்மன்களுக்கு பயனியர்ங்கறது ஒரு காலக்கணக்கு. 1847-ல யங் கூட்டம் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்ததுலேர்ந்து 1869 மே மாசம் அமெரிக்காவ குறுக்கா கடக்கற ரயில் பாதை இணையற வரைக்கும் அங்க வந்து சேர்ந்த எல்லாருமே பயனியர்தான், கொலைகாரனும் கைக்குழந்தையும் சேர்த்து. இத முன்னோடினு போட்டா படிக்கிறவங்களுக்கு பாராட்டு மட்டும்தான் போய்ச் சேருது.

"முதற்குடியேறி"னு எழுதலாமேனா அது இன்னும் மோசம், யூட், பையூட்ங்கற பூர்வகுடி மக்கள் காலங்காலமா வாழ்ந்த மண்ணு அது, இவங்க எப்படி முதல் ஆவாங்க? "வழிகாட்டி"யும் வேண்டாம், அதுலயும் அதே பாராட்டு ஒட்டிக்கிட்டு வரும். அகராதியில முதல்ல கிடக்கற சொல்ல எடுத்து ஒட்டிட்டு அடுத்த வரிக்கு ஓடுற பழக்கம் மொழிபெயர்க்கிறவங்ககிட்ட ரொம்பப் பரவிடுச்சு, யாரப் பத்தி எழுதறோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கறதில்ல.

வெறும் "குடியேறி" போதும், காலம் தெரியணும்னா "ரயிலுக்கு முந்தைய குடியேறி". லீயைப் பத்தி எழுதறதா இருந்தா, தெற்கு யூட்டாவுல குடியேறினவர், கொலராடோ ஆத்துல லீஸ் ஃபெரி படகுத்துறைய நடத்தினவர், படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்னு எழுதுங்க.