திரிபைச் சிதைவு என்னாதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் படிக்க வரும் மாணவி ஒருத்தி, ஒளியிழை (தகவலை ஒளியாகக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) வழித் தகவல்தொடர்பு பற்றிய மொழிபெயர்ப்புப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ‘நேரியலற்ற சிதைவு இழப்பீடு’ என்று அச்சிட்டிருந்தது. ஆங்கிலத்தில் ‘நான்லீனியர் டிஸ்டார்ஷன் காம்பன்சேஷன்’. “விபத்துக்குக் கொடுப்பார்களே, அந்த இழப்பீடா ஐயா?” என்றாள். இந்த ஆண்டில் இத்தொடர் என் கண்ணில் படுவது நான்காம் முறை.

டிஸ்டார்ஷன் என்பதன் இலத்தீன் வேருக்கு ‘முறுக்குதல்’ என்று பொருள். தமிழில் அதற்கு நேர் ‘திரி’. கயிறு திரிக்கிறோம், விளக்குத் திரியும் முறுக்கிய பஞ்சுதான். எங்கள் பக்கத்து மலையாளத்தில் ‘இடத்தோட்டு திரியுக’ என்றால் இடப்பக்கம் திரும்புவது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

சிதைவு என்பது இடிந்த மதிலுக்கும் அழுகிய உடலுக்கும் உரிய சொல். ஒளியிழையில் நடப்பதோ வேறு. ஒளியின் செறிவு கூடினால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மிகச் சிறிதளவு மாறும்; கெர் விளைவு என்பார்கள். ஒளியின் அளவையே பொறுத்து இழையின் நடத்தை மாறுவதால்தான் அது நேரியலற்றது. அதனால் அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் அலை இருக்கும் நிலை, நகர்கிறது. வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு வேகத்தில் செல்லும் நிறப்பிரிகையும் சேர்ந்துகொள்ள, தகவலைச் சுமக்கும் ஒளித் துடிப்பின் வடிவமே மாறிவிடுகிறது. ஆனால் எல்லாம் விதிப்படி மாறுகிறது. அதனால்தான் மறுமுனையில் அதே விதியைப் பின்னோக்கிக் கணித்து, அனுப்பிய வடிவத்தைப் பெருமளவு மீட்க முடிகிறது. சிதைந்ததை எப்படி மீட்பது?

சொற்கள் சேரும்போது எழுத்துகள் மாறும் விகாரத்தை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்குகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகையில் னகரம் றகரமாகத் திரிகிறது. விதி தெரிந்த பிள்ளை உடனே பிரித்து எழுதிவிடும். மரவேரில் மகரம் கெடுகிறது. ஒளியிழையிலும் மூன்றும் உண்டு. ஒளியை வலுவாக்கும் பெருக்கிகள் சேர்க்கும் இரைச்சல் தோன்றல். கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் ஒளி தேய்வது கெடுதல். கெர் விளைவு தருவது திரிதல். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாகக் கையிலிருக்கும் பாகுபாட்டை விட்டுவிட்டு, மூன்றையும் ‘சிதைவு’ என்ற ஒரே சாக்கில் கட்டுகிறார்கள்.

‘இழப்பீடு’ இன்னும் கேடு. இத்துறையில் இழப்பு என்றாலே ஒளி தேய்வதுதான். அதை ஈடுகட்டுவது பெருக்கியின் வேலை. படிப்பவர் வேறு கருவியைத் தேடிப் போய்விடுவார்.

“பால் திரிந்தால் மீளுமா?” என்று நண்பர் மடக்கினார். மீளாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பால் சிதைந்துவிட்டது என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்?

அதே பாடத்தில் ‘குறைந்த சிக்கல்தன்மை’ (ஆங்கிலத்தில் ‘லோ காம்ப்ளெக்ஸிட்டி’) என்றும் இருந்தது. எதன் சிக்கல்? நீண்ட இழையைப் பல சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் பின்னோக்கிக் கணிப்பது பெருஞ்சுமை. துண்டுகளைக் குறைத்தும் சமன்பாட்டைத் தோராயமாக எளிமையாக்கியும் அச்சுமையை இறக்குகிறார்கள். இதைப் புரிந்துகொண்ட மொழிபெயர்ப்பாளருக்குக் ‘கணிப்புச் சுமை’ என்ற சொல் தானே வந்திருக்கும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவருக்கு வராது.

‘குறைந்த கணிப்புச் சுமையில் நேரியலற்ற திரிபை ஈடுசெய்தல்’ என்று அவள் பாடத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். நீளம்தான். படித்ததும் அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.