நீயே எழுதிய கோட்தான், ஆனால் அது போதாது தம்பி

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். 26 வயது, நான்கு வருடமாகத் தனியாக வெப்சைட் செய்து பிழைக்கிறவன். அமெரிக்காவில் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு ஆன்லைன் கடை கட்டிக் கொடுத்திருந்தான். ஆர்டர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று வாங்கியவருக்குக் காட்டும் பக்கம் ஒன்று அதில் உண்டு. "அந்தப் பக்கம் எங்கள் பேட்டன்ட்டை மீறுகிறது, பணம் கட்டு" என்று அந்தக் கடைக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. கடைக்காரர் அதை அப்படியே இவனுக்கு அனுப்பி, "ஒப்பந்தத்தின் 9ஆம் பக்கத்தைப் பார்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார்.

இந்த வருடம் என்னிடம் வரும் மூன்றாவது கதை இது. மூன்று பேரும் முதலில் சொன்னது ஒரே வாசகம்: "அண்ணா, நான் யாரோட புரோகிராம் கோடையும் எடுக்கலை. எல்லாம் நானே எழுதினது. எந்த வரியை எப்போ எழுதினேன்னு கிட் ஹிஸ்டரியில பதிவு இருக்கு, வேணும்னா காட்டுறேன்."

இந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்லை. பதினெட்டு வருடமாக வெப் வேலை செய்கிறவன், கையைச் சுட்டுக்கொண்டு கற்றவன்.

முதலில் நம் மொழியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பாட்டு உரிமைச் சண்டை வந்தாலும் செய்தித்தாளில் 'காப்புரிமை', மருந்துக் கம்பெனி வழக்கு வந்தாலும் 'காப்புரிமை'. அதைப் படித்து வளர்ந்ததால் இரண்டும் ஒன்று என்றே மனதில் பதிந்துவிட்டது. ஒன்றல்ல. காப்பிரைட் என்பது எழுதிய எழுத்துக்கு. நீ பார்த்து எழுதவில்லை என்றால் பிரச்சினை முடிந்தது, கிட் ஹிஸ்டரி அங்கே நல்ல சாட்சி. பேட்டன்ட் என்பது செய்யும் முறைக்கு. நீ அவனுடைய கோடைப் பார்க்காமல் இருக்கலாம், அவன் பேரையே கேள்விப்படாமல் இருக்கலாம், வேறு மொழியில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், ராத்திரி கண்விழித்து உன் மூளையிலிருந்தே கொண்டுவந்திருக்கலாம், அந்தப் பேட்டன்ட்டில் சொன்ன படிகளை உன் புரோகிராம் செய்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. உன் நிலத்தில் நீயே தோண்டிய கிணறுதான், ஆனால் தண்ணீர் என்னுடையது என்று ஒருவன் வந்து நிற்பது போல. அநியாயமாகத் தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. "நானே எழுதினேன்" என்பது அங்கே பதிலே இல்லை.

நம்பாதவர்களுக்கு இரண்டு பழைய கதை. 1987ல் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் கிஃப் படவகையைக் கொண்டுவந்தது. படத்தைச் சுருக்க எல்இசட்டபிள்யூ என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். அது 1984ல் ஒரு கணினி இதழில் வெளிப்படையாக வந்த கட்டுரையில் இருந்த முறை. உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் அதைத் தாங்களே எழுதிப் பயன்படுத்தினார்கள். அந்த முறைக்கு 1985லேயே பேட்டன்ட் கொடுக்கப்பட்டிருந்ததும், அது யுனிசிஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் கையில் இருந்ததும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 1994 டிசம்பரில் 'கிஃப் கையாளும் மென்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டும்' என்று அறிவிப்பு வந்தது. ஏழு வருடம் எல்லோரும் புழங்கிய வழியில் திடீரென்று சுங்கச்சாவடி. அந்தக் கோபத்தில்தான் பிஎன்ஜி என்ற மாற்றுப் படவகை பிறந்தது. அமெரிக்காவில் அந்தப் பேட்டன்ட் 2003 ஜூனில்தான் காலாவதியானது.

இன்னொன்று அமேசானின் 1-கிளிக், அதாவது ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் முறை. 1999 செப்டம்பரில் பேட்டன்ட் கிடைத்தது, அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்கு. டிசம்பரில் நீதிமன்றம் தடை போட்டது. அந்தப் புத்தகக்கடை தன் புரோகிராமர்களை வைத்துச் சொந்தமாக எழுதிய பக்கத்தில், வாங்குகிறவர் கூடுதலாக ஒரு கிளிக் செய்யும்படி மாற்ற வேண்டியிருந்தது. 2001ல் மேல்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, அது வேறு. அதற்குள் ஒரு பண்டிகை வியாபாரம் போய்விட்டது.

அடுத்து வரும் வாதம்: "நம்ம நாட்டிலதான் சாஃப்ட்வேர் பேட்டன்ட் இல்லையே." பாதி சரி. நம் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணிதமுறை, வணிகமுறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றுக்குப் பேட்டன்ட் கிடையாது என்கிறது. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டு அதைத் தளர்த்தப் பார்த்தார்கள், 2005ல் நாடாளுமன்றத்தில் அது நிற்கவில்லை. அதற்காகக் குரல் கொடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அந்த 'வெறும்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, தொழில்நுட்ப விளைவு இருக்கிறது என்று வாதாடி உள்ளே நுழைகிறவர்கள் நுழைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, அதை விடுங்கள். ஈரோட்டில் உட்கார்ந்திருக்கும் தம்பி மீது அமெரிக்கப் பேட்டன்ட்டை நேராகக் காட்டுவது கஷ்டம்தான், பேட்டன்ட் அந்தந்த நாட்டோடு நின்றுவிடும். ஆனால் கடை அங்கே இருக்கிறது, கையெழுத்து உன்னுடையது. 9ஆம் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? இந்த வேலை தொடர்பாக மூன்றாம் நபர் எழுப்பும் எந்தக் கோரிக்கைக்கும், வக்கீல் செலவு உட்பட, உருவாக்கியவரே பொறுப்பு என்று மூன்று வரி. உச்சவரம்பு இல்லை. இவன் வாங்கிய கூலி 1,400 டாலர். கடிதத்தில் கேட்டிருந்தது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். "படிச்சியாடா?" என்றேன். "டெம்ப்ளேட்தானே அண்ணா, எல்லாரும் போடுறதுதானேன்னு..." என்றான்.

படியுங்கள் ஐயா. டெம்ப்ளேட் என்றாலும் படியுங்கள். 'எனக்குத் தெரிந்தவரை இது பிறர் உரிமையை மீறவில்லை' என்று மட்டும் உறுதி கொடுங்கள், 'மீறவே மீறாது' என்று எழுதிக் கொடுக்காதீர்கள், உலகத்தில் யாராலும் அதைச் சொல்ல முடியாது. பொறுப்பு எவ்வளவு என்றால் வாங்கிய கூலி அளவுக்குத்தான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தயங்காமல் கேட்டால் பெரும்பாலான சின்ன வாடிக்கையாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

கடிதம் வந்துவிட்டால் நீங்களே பதில் போடாதீர்கள். அதைவிட முக்கியம், வாட்ஸப்பிலோ மெயிலிலோ "ஆமா, நம்மது அவங்களது மாதிரிதான் இருக்கு" என்று எழுதி வைக்காதீர்கள். தெரிந்தே மீறினான் என்று ஆனால் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வக்கீலைப் பாருங்கள். கடிதம் வந்ததாலேயே அவன் சொல்வது உண்மை என்றும் ஆகாது. ஷாப்பிங் கார்ட்டே தனக்குச் சொந்தம் என்று சொவெரெயின் என்ற நிறுவனம் பல கடைகளிடம் பணம் கேட்டது. அமேசான்கூட 4 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. நியூஎக் என்ற ஆன்லைன் கடை விடாமல் வழக்காடி, தோற்று, மேல்முறையீடு போய், 2013 ஜனவரியில் அந்தப் பேட்டன்ட்டின் கோரிக்கைகளையே செல்லாததாக்கியது. அதற்கு முன்பே இருந்த கம்ப்யூசர்வ் மால் என்ற இணையக்கடைதான், அந்த முறை புதிதல்ல என்பதற்கு அங்கே பெரிய சாட்சி. அதனால் புதிதாக ஒன்று செய்தால் தேதியோடு பொதுவில் போட்டு வையுங்கள். இன்னொருவன் அதற்கு வேலி போட வரும்போது அது யாருக்காவது உதவும்.

மற்றவர்கள் எழுதி வைத்த கோட் தொகுப்பை, அதாவது லைப்ரரியை, எடுக்கும்போது லைசென்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அப்பாச்சி 2.0 என்ற லைசென்ஸ் பேட்டன்ட் உரிமையைத் தெளிவாக எழுதித் தருகிறது, எம்ஐடி லைசென்ஸில் பேட்டன்ட் என்ற சொல்லே இல்லை. ஃபேஸ்புக்கின் ரியாக்ட் லைப்ரரியோடு வந்த பேட்டன்ட் நிபந்தனையை 2017ல் அப்பாச்சி அமைப்பு ஏற்க மறுத்ததும், வேர்ட்பிரஸ் விலகப் போவதாகச் சொன்னதும், செப்டம்பரில் ஃபேஸ்புக் அதை எம்ஐடிக்கு மாற்றியதும் யாரோ சிலர் அந்த ஃபைலைப் படித்ததால்தான் நடந்தது.

நமக்கெல்லாம் சோறு போடும் இந்த வெப்பை, 1993 ஏப்ரல் 30 அன்று, யாரும் காசு கட்டாமல் பயன்படுத்தலாம் என்று அது பிறந்த செர்ன் ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தது. அதே வருடம் மினசோட்டா பல்கலைக்கழகம், வெப்புக்குப் போட்டியாக இருந்த தன் கோஃபர் சர்வருக்குக் கட்டணம் என்றது. அப்போது வெப்பைவிடப் பிரபலமாக இருந்தது கோஃபர்தான். இன்று அதன் பெயர் தெரிந்த புரோகிராமர் எத்தனை பேர்? ஒரு இணைப்புக் கொடுக்க, ஒரு பக்கம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால்தான் ஈரோட்டுப் பையன் அமெரிக்கக் கடைக்கு வேலை செய்ய முடிகிறது. அந்த வழியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒருவன் ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்தால் முதலில் ஒதுங்கப் போவது இவன்தான்.

அந்தக் கடிதம் இப்போது ஒரு வக்கீலிடம் இருக்கிறது. கடைசித் தவணை 400 டாலர் இன்னும் வரவில்லை. நேற்று ஒரு புது வேலைக்கான ஒப்பந்தத்தை அனுப்பினான். 7ஆம் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு, "அண்ணா, இந்த வரிதானே?" என்று கேட்டிருந்தான். அந்த வரிதான்.