கன்கஷன்: மூளை அதிர்ச்சியா, மூளைக் குலுக்கமா?

2020 டிசம்பரில் கான்பராவில் நடந்த டி20 ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும், நம்ம நடராஜனுக்கு அதுதான் முதல் சர்வதேச டி20. ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது, அதற்கப்புறமும் அவர் நின்று ஆடினார், ஆனால் பந்துவீச வரவில்லை. அவருக்குப் பதிலாக 'கன்கஷன் சப்ஸ்டிட்யூட்' என்று சஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். ஐ.சி.சி. 2019 ஆகஸ்டில் கொண்டுவந்த விதி அது.

இந்தக் கன்கஷனுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. 'குவாதெரே' என்றால் ஆட்டுதல், குலுக்குதல். முன்னால் 'கொன்' சேர்ந்து 'கொன்குதெரே' ஆனால் பலமாகக் குலுக்குதல். தலையில் நேராக அடி படவேண்டும் என்றுகூட இல்லை, உடம்பு வேகமாக உலுக்கப்பட்டாலே மண்டைக்குள் மூளை குலுங்கிவிடும். அதனால் கொஞ்ச காலம் மூளையின் வேலை தடுமாறும்: தலைவலி, தலைசுற்றல், மந்தம், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, கவனம் நிற்காமல் போவது. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை, ஸ்கேனிலும் வழக்கமாக ஒன்றும் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டால், வலியோடு இருப்பவர் பாசாங்கு செய்கிறார் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள், அதுதான் கொடுமை. (திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.)

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மூளை அதிர்ச்சி' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. துக்கச் செய்தி கேட்டாலும் அதிர்ச்சிதான், கரண்ட் அடித்தாலும் அதிர்ச்சிதான்; படிப்பவர் மனசு பயத்தின் பக்கம் போய்விடும். 'மூளை அதிர்வு' பரவாயில்லை, ஆனால் செல்போன் அதிர்வதுபோல் மெல்லிசாக ஒலிக்கிறது. பேச்சு வழக்கில் நமக்கு அருமையான ஒன்று உண்டு, 'பொறி கலங்கிப் போச்சு'. பொறி என்றால் கண், காது முதலான புலன் உறுப்பு, அடி விழுந்ததும் அவை கலங்கிப்போகும் அனுபவத்தை அப்படியே சொல்கிறது. ஆனால் இன்று பொறி என்றால் இயந்திரமும் எலிப்பொறியும்தான் முதலில் தோன்றும், மருத்துவ அறிக்கையில் எழுத முடியாது. என் தேர்வு 'மூளைக் குலுக்கம்'. லத்தீன் வேருக்கும் நேராக நிற்கிறது, நடந்தது என்ன என்பதும் பாட்டிக்கும் புரியும்.

குலுக்கம் என்று சொல்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது, தலை குலுங்கினால் கழுத்தும் சேர்ந்துதான் குலுங்கும். இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) ஆய்வுகள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தியும் முகத்தின் உணர்வைச் சுமந்துவரும் நரம்பின் வலிச் செய்தியும் மூளைத்தண்டை ஒட்டிய ஒரே இடத்தில் வந்து சேர்வதால், கோளாறு கழுத்தில் இருந்தாலும் வலி நெற்றியில் தெரியலாம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்னைடர் குழு 2014இல் வெளியிட்ட சோதனையில், அறிகுறிகள் நீங்காத 12 முதல் 30 வயதுவரை உள்ள 31 பேரை எடுத்துக்கொண்டார்கள். கழுத்துக்கும் உடற்சமநிலைக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 73 சதவீதம் பேருக்கு எட்டு வாரத்துக்குள் மறுபடி விளையாட மருத்துவ அனுமதி கிடைத்தது, அந்தக் கூட்டுச் சிகிச்சை பெறாத குழுவில் 7 சதவீதம். சின்னச் சோதனைதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கச் சொன்ன பழைய யோசனையும் போய்விட்டது. விளையாட்டில் வரும் கன்கஷன் பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டின் நிபுணர் அறிக்கை முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, அப்புறம் படிப்படியாக நடை, சைக்கிள் என்கிறது. பத்து நாளுக்கு மேலும் கழுத்துவலி, தலைவலி, தலைசுற்றல் நீடித்தால் கழுத்து, சமநிலைப் பயிற்சியையும் அது பரிந்துரைக்கிறது. தலைவலி மூன்று மாதம் தாண்டினால் 'நீடித்த' என்ற அடைமொழி சேரும், அந்த நிலைக்கு விடாமல் முன்பே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கழுத்தைக் காட்டிவிடுங்கள்.