‘நோக்கம்தான் எல்லாருக்கும் தெரியுமே’ என்கிற சங்கங்களுக்கு

சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் வேலை. இந்த மாதமும் ஒரு புகைப்படக் கழகம் இரண்டாக உடைந்து, இரு தரப்பும் தனித்தனியே ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

வெளிப்பார்வைக்குப் பிரச்சினை பணம். சேர்ந்திருந்த சந்தாவில் பறவைகளை எடுக்க ஒரு பெரிய லென்ஸ் வாங்கலாம் என்றது போட்டிகளுக்குப் படம் அனுப்பும் அணி. புதிதாகச் சேர்கிறவர்கள் கைப்பழக நாலு சாதாரண கேமரா வாங்கலாம் என்றது இன்னோர் அணி. இரண்டும் நியாயமான ஆசைதான். ஆனால் கழகம் யாருக்காக நடக்கிறது என்று யாரும் எப்போதும் முடிவு செய்யவில்லை. அதனால் லென்ஸில் தொடங்கிய பேச்சு, பொருளாளர் மீது நம்பிக்கையில்லை என்று வளர்ந்து, வக்கீல் நோட்டீஸில் வந்து நிற்கிறது. விடியற்காலையில் ஒரே வண்டியில் படம் எடுக்கப் போனவர்கள் இவர்கள்.

“நோக்கம் துணைவிதியிலேயே இருக்கிறதே சார்!” இதைக் கேட்கும்போதுதான் எனக்கு எரிச்சல் அதிகமாக வருகிறது. தயவுசெய்து அதைத் திறந்து படியுங்கள். பதிவு செய்யும் அவசரத்தில் வேறொரு சங்கத்தின் விதியைப் பார்த்து எழுதியதாக இருக்கும். கலை, கல்வி, பண்பாடு, விளையாட்டு, சமூக சேவை, உறுப்பினர்களிடையே நல்லுறவு என்று எதுவும் பாக்கியிருக்காது. ஒரு செஸ் கழகத்தின் விதியில் மரம் நடுதல்கூட இருந்தது. அப்படி அகலமாக எழுதக் காரணம் உண்டு: நாளைக்கு ஏதாவது புதிதாகச் செய்ய நினைத்தால் விதி குறுக்கே வரக் கூடாது. பதிவுக்கு அது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் இடம் தரும் வாசகத்தால், இருக்கிற பணத்தில் எது முதலில் என்று சொல்ல முடியாது. லென்ஸும் அதற்குள் அடங்கும், கேமராவும் அடங்கும். இரு தரப்பும் என்னிடம் அடிக்கோடிட்டுக் காட்டியது ஒரே பத்தியைத்தான்!

1890-ல் தொடங்கிய பிரிட்டிஷ் வானியல் சங்கத்தைப் பாருங்கள். வானியலை வளர்ப்போம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. வானத்தை நோக்குகிறவர்களை, முக்கியமாகச் சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களை, ஒருவருக்கொருவர் உதவும்படி ஒன்றுசேர்ப்பது என்று முதல் நோக்கத்திலேயே எழுதிக்கொண்டார்கள். யாரை மனத்தில் வைத்துச் செலவு செய்ய வேண்டும் என்று அதைப் படிக்கும் எந்தப் பொருளாளருக்கும் புரியும்.

இவ்வளவு தெளிவாக எழுதினால் சிலர் சேராமல் போய்விடுவார்களே என்பார்கள். போகட்டும். இப்போது மட்டும் என்ன நடக்கிறது? ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் எனக்குத் தெரிகிறது, போன வருடம் சேர்ந்த பெயர்களில் பல இந்த வருடம் இல்லை. கற்றுக்கொள்ள வந்தவர் போட்டிப் பேச்சுக்கு நடுவே கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லாமல் நின்றுவிடுகிறார். சேரும் முன்பே தெரிந்திருந்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இரண்டு வரி போதும். யாருக்காக, முதன்மையாக எதைச் செய்வோம் என்பது ஒரு வரி. எதைச் செய்ய மாட்டோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வரியை எல்லாரும் நழுவவிடுகிறார்கள், விடாதீர்கள். தலைவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வர வேண்டாம். பொதுக்குழுவில் பேசி முடிவெடுத்து, மினிட்ஸில் ஏற்றுங்கள். எழுதியதும் போன வருடத்தின் பெரிய செலவுகளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாச் செலவும் பொருந்துகிறது என்றால் வாசகம் இன்னும் தளர்வாக இருக்க வாய்ப்புண்டு, திரும்ப எழுதுங்கள். அப்புறம் அதை உறுப்பினர் விண்ணப்பத்தின் மேல் பகுதியில் அச்சிடுங்கள்.

சண்டை வரும்வரை மட்டும் காத்திருக்காதீர்கள். அதன் பிறகு எழுதும் நோக்கத்தை ஒவ்வோர் அணியும் தான் ஜெயிப்பதற்காகவே எழுதும். எல்லாரும் நட்பாக இருக்கும்போதே, அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் இதை முதலில் போடுங்கள். வரவு செலவு வாசிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.